அறுபதுகளின் புல்லட் பிரேமில் இறுகிப்போன ராடும் ஸ்டட்டும்: சேதமில்லாமல் கழட்டுவது எப்படி?

கானாடுகாத்தான் புல்லட்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஐயா ஓட்டின 1965 புல்லட் 350-ஐ முழுசாப் பிரிச்சு எடுத்துக்கட்டலாம்னு இறங்கியிருக்கேன். ஆர்.சி. புத்தகம் பத்திரமா இருக்கு. நம்ம பக்கம் தனி மாவட்டமாப் பிரியறதுக்கு முன்னாடி, ராமநாதபுரம் மாவட்டத்துல பதிஞ்ச வண்டி. ஐயா போனதுக்கு அப்புறம் பின்கட்டுக் கொட்டகையிலயே நின்னுச்சு. பக்கத்துல யூரியா மூட்டையும் கல்லுப்பு மூட்டையும் அடுக்கியிருந்தாங்க. மேல ஓடு விலகி, ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் பின் சக்கரத்து மேலதான் சொட்டியிருக்கு.

டேங்க், சீட்டு, மட்கார்டு, ஹெட், பேரல், கியர் பாக்ஸ் எல்லாம் இறக்கியாச்சு. கிராங்க்கேஸ் (என்ஜினோட அடிக்கூடு) இன்னும் பிரேம்லதான் இருக்கு. அசைய மாட்டேன்னு நிக்கிறது இதுங்கதான்: ஸ்விங் ஆர்ம் ராடு (பின் சக்கரத்தைத் தாங்குற கவட்டையைப் பிரேம்ல மாட்டுற அச்சு; ரெண்டு பக்க நட்டும் வந்துருச்சு, ராடு வரலை), கிராங்க்கேஸுக்குக் கீழ குறுக்கே போற நீள ஸ்டட் (தலையில்லாத, ரெண்டு முனையிலயும் மரை வெட்டின போல்ட்), ஃபோர்க் பைப் ரெண்டும், அப்புறம் சென்டர் ஸ்டாண்ட். துரு ஸ்ப்ரே அடிச்சுப் பார்த்தேன். சுத்தியலாலயும் தட்டிப் பார்த்தேன், ராடு முனை லேசா மழுங்குற மாதிரி தெரிஞ்சதும் நிறுத்திட்டேன்.

ஊர்ல ஒரு மெக்கானிக், "பிரேம் காதை கிரைண்டர்ல அறுத்துட்டு ராடை எடுத்துருவோம், அப்புறம் வெல்டு வச்சுக்கலாம்"ங்கிறாரு. காதுன்னா ராடு முனை உட்கார்ற துளை இருக்கிற பிரேம் துண்டு. எனக்கு மனசு ஒப்பலை. வேற வழி இருக்கா?

லேத் பட்டறை, காரைக்குடி

தம்பி, காதை அறுக்க விடாதீங்க. ராடு இன்னிக்கும் லேத்துல கடைஞ்சு போட்டுறலாம், காது அப்படியில்ல. அறுத்து ஒட்டின காது ரெண்டும் ஒரே நேர்கோட்டுல நிக்காது. அது நிக்கலைன்னா பின் சக்கரம் கோணிக்கிட்டே போகும், எத்தனை தடவை செயின் அட்ஜஸ்ட் பண்ணினாலும் சரி வராது.

ரெண்டு விசயம் பார்த்துச் சொல்லுங்க. ஸ்விங் ஆர்ம் முனையைப் புடிச்சு மேல கீழ ஆட்டினா ஆடுதா? ஆடும்போது ராடு சேர்ந்து சுத்துதா, இல்ல அப்படியே நிக்குதா? ராடு முனையில பெயிண்ட்டுல ஒரு கோடு போட்டுக்கிட்டுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்.

ஆர்எக்ஸ் நூறு

அண்ணே, காதை அறுக்க வேணாம் சரி. ராடையே நடுவுல அறுத்துட்டா என்ன? காதுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல இடைவெளி இருக்குமே. அரை மணி நேர வேலைதானே.

பொன்னமராவதி பழைய வண்டி

ஆர்எக்ஸ் தம்பி சொல்வது தவறான வழி இல்லை. ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் கிரைண்டர் தட்டு நுழையாது. நுழைத்தால் காதின் உள்முகத்தைத் தின்றுவிடும். ஹேக்ஸா பிளேடை மட்டும் துணி சுற்றிக் கையில் பிடித்து, மெதுவாகத்தான் அறுக்க வேண்டும். அறுத்த பிறகும் இரண்டு காதுக்குள்ளும் ஒவ்வொரு துண்டு மாட்டிக்கொண்டுதான் இருக்கும். வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

பிரேமைத் தொடுவதற்கு முன் இன்னொன்றும் யோசியுங்கள். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டியை அந்த வகையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ என்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் ஐயா வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அறுத்து ஒட்டிய பிரேமைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தத் தகுதி கேள்விக்குள்ளாகும். பிரேமில் ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை இப்போதே போட்டோ எடுத்து, அதன்மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டுங்கள். அந்த இடத்தில் வயர் பிரஷும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம்.

கானாடுகாத்தான் புல்லட்

லேத் அண்ணே, கோடு போட்டுப் பார்த்தேன். ஸ்விங் ஆர்ம் ஆடுது, கனமா ஆடுது, கறுமுறுன்னு சத்தம் வருது. ராடு அசையவே இல்லை.

கிராங்க்கேஸ் ஸ்டட்டைச் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி பொரிஞ்சு நிக்குது. அது என்ன? சுண்ணாம்பு மாதிரி இருக்கு.

அரிப்பியல்

அந்த வெள்ளை மாவு சுண்ணாம்பு இல்லை, அலுமினியத்தின் துரு. கிராங்க்கேஸ் அலுமினியம், ஸ்டட் எஃகு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அந்த இடம் ஒரு சின்ன பாட்டரியாகிவிடும். அதில் கரைவது அலுமினியம்தான். கரைந்தது ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறி, போன இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இரும்பும் அப்படித்தான். துருவானால் குறைந்தது இரண்டு மடங்கு பருக்கும், நீர் சேர்ந்த துரு இன்னும் கூடப் பருக்கும். ஆகவே ராடை யாரும் இறுக்கவில்லை. இடைவெளியே இல்லாமல் போய்விட்டது.

காரைக்குடியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் இங்கே திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பு ஒரு தனித் துறை. மண்டபம் ஊரில் கடலோரம் உலோகங்களை உப்புக் காற்றில் நிறுத்திச் சோதிக்கும் கிளையும் அதற்கு உண்டு. கானாடுகாத்தான் கடலை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் கல்லுப்பு மூட்டையும் ஒழுகலும் சேர்ந்த கொட்டகையில் குளோரைடு மண்டபத்தைப் போலவே வேலை செய்திருக்கும். யூரியா ஈரம் பட்டு அழியும்போது அம்மோனியா வரும். அது செம்பு கலந்த உலோகத்தைப் பிடிக்கும். வெண்கல புஷ் (ஸ்விங் ஆர்முக்குள் உட்காரும் தேய்மான வளையம்) பச்சை பூத்திருந்தால் காரணம் அதுதான்.

நீங்கள் சொன்ன நான்கு இடங்களும் ஒரே நோய் இல்லை. ஸ்விங் ஆர்ம் ராடு இரும்போடு இரும்பு. ஸ்டட் அலுமினியத்தோடு எஃகு. ஃபோர்க் பைப் அலுமினிய வார்ப்புக்குள் சரிவாக உட்கார்ந்த எஃகு. சென்டர் ஸ்டாண்ட் பெரும்பாலும் காய்ந்த கிரீஸும் செம்மண்ணும்தான். எது பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எண்ணெயா, சூடா, அடியா என்று முடிவு செய்ய வேண்டும்.

லேத் பட்டறை, காரைக்குடி

ஸ்விங் ஆர்ம் ஆடுது, ராடு நிக்குதுன்னா நல்ல சேதி தம்பி. வெளி புஷ் இன்னும் உயிரோட இருக்கு. உள்ள ஒரு ஸ்லீவ் இருக்கும், அதுக்குள்ளதான் ராடு போகுது. ராடு ஸ்லீவுலயும் காதுலயும் புடிச்சிருக்கு. மேல கீழ எதுவுமே ஆடாம இருந்தாத்தான் புஷ்ஷும் சேர்ந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம்.

இனிமே அதை நீளவாக்குல அடிக்காதீங்க. முதல்ல சுத்த வைக்கணும். சுத்தினா துரு பொடியாகும், பொடியானா எண்ணெய் உள்ள போகும். சுத்தாம அடிச்சா ராடு முனை காளான் மாதிரி விரிஞ்சுரும், அப்புறம் காதுக்குள்ள இருந்து வெளிய வரவே வராது.

பள்ளத்தூர் ராஜ்தூத்

நான் ஒரு ராஜ்தூத் 175 பிரிச்சுக் கட்டியிருக்கேன், அதோட அனுபவத்துல சொல்றேன்.

முதல் விசயம் ஸ்பேனர். உங்க வண்டி 1955-ல மெட்ராஸ்ல தொடங்கின கம்பெனி, இங்கிலாந்து வரைபடத்தை வச்சு செஞ்சது. அறுபதுகளோட நட்டெல்லாம் விட்வொர்த் அளவு, மில்லிமீட்டர் கிடையாது. விட்வொர்த்துல சொல்ற அளவு போல்ட் தண்டோட தடிமன், அதனால கால் இன்ச் ஸ்பேனரோட வாய் 13.3 மி.மீ. வரும். 13 நுழையாது, 14 வழுக்கும். 5/16 போட்டது 15.2 வரும், 15 போகாது, 16 லூசு. 3/8 மட்டும் 18 மி.மீ. ஸ்பேனருக்குச் சரியா உட்காரும். இறுகின நட்டுல 14 போட்டு பலமா இழுத்தா ஆறு மூலையும் உருண்டுரும். நான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில ஒரு விட்வொர்த் செட்டு தேடி எடுத்தேன், வெத்தலைப் பெட்டிக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவுல கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் வாய் திறந்த ஸ்பேனர் வேணாம், வளைய ஸ்பேனரோ ஆறு மூலை சாக்கெட்டோ போடுங்க. பன்னெண்டு மூலை சாக்கெட் பழைய நட்டுக்கு ஆகாது.

எண்ணெய்னு பார்த்தா, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்ததுதான் என் கை மருந்து. ரெண்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊத்தணும். அசிட்டோன் உள்ள இழுத்துக்கிட்டுப் போயிட்டு ஆவியாயிரும், எண்ணெய் அங்கயே நிக்கும். பெயிண்ட்டையும் ரப்பரையும் தின்னும், தீயும் பிடிக்கும். அது காயாம டார்ச்சைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க. பிரேமை ஒரு பக்கமாப் படுக்கப் போட்டு, ராடு முனையைச் சுத்தி களிமண்ணால சின்னதா வரப்பு கட்டி, அதுக்குள்ள ஊத்தி விடுங்க. ஸ்ப்ரே ஒரு தடவை அடிச்சா வழிஞ்சு போயிரும், தேங்கி நின்னாத்தான் இறங்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஊத்துறப்போ ராடு முனையில லேசா தட்டிவிடுங்க. பலம் வேணாம், அதிர்வு போதும். ஒரு வாரம் விட்டுருங்க.

மெழுகும் நல்லா வேலை செய்யும். நட்டைச் சூடு பண்ணி மெழுகுவர்த்தியை மரை ஓரத்துல வச்சா, உருகி உள்ளுக்கு இழுத்துக்கும்.

தேவகோட்டை ஜாவா

ஒரு வாரம் எண்ணெய் ஊத்திக் காத்திருக்கறது பொறுமைசாலிக்குச் சரி. என் ஜாவால இதைவிட மோசமாப் பிடிச்ச ராடு எல்லாம் கேஸ் டார்ச்சுலதான் வந்துச்சு. காதைச் செவக்கக் காய வச்சு, ஆறவிட்டு, திரும்பக் காய வச்சா துரு தானா விட்டுரும். எண்ணெய் போக முடியாத இடத்துக்குச் சூடு போகும்.

பொன்னமராவதி பழைய வண்டி

தேவகோட்டைத் தம்பி, இங்கே உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்தக் காலத்துப் பிரேமில் குழாயும் வார்ப்பு லக்கும் (குழாய் முனைகளைப் பிடிக்கும் இணைப்புத் துண்டு) சேரும் இடங்களில் பித்தளையை உருக்கி ஒட்டிய பிரேசிங் இருக்கும். அந்தப் பித்தளை 900 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு 600-ஐத் தாண்டிய சூடு. பிரகாசமான சிவப்புக்குப் போனால் 800. அங்கிருந்து பித்தளை உருகும் சூட்டுக்கு அதிக தூரம் இல்லை. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இணைப்பு தளர்ந்துவிடும். புல்லட்டில் கீழே தொட்டில் குழாயே கிடையாது. என்ஜினே பிரேமின் ஓர் உறுப்பாக நின்று பாரம் தாங்குகிறது. அப்படிப்பட்ட பிரேமில் ஒரு லக் தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காதைச் சிவக்க வைக்க வேண்டியதே இல்லை. 200, 250 டிகிரி போதும், எண்ணெய் புகைகிற அளவு. காதை மட்டும் சுற்றிச் சுற்றி வேகமாகச் சூடேற்றினால் வெளி வளையம் விரியும், ராடு இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். மெதுவாகக் காய வைத்தால் இரண்டும் சேர்ந்து விரியும், பயன் இல்லை. வேகம்தான் முக்கியம். ராடுக்குச் சிவப்புச் சூடு தேவையானால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்குக் கொடுங்கள், காதுக்கு ஈரத்துணி சுற்றுங்கள். சூடான முனை விரிய முடியாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்கும். துருவின் பிடி அங்கேதான் விடும்.

தேவகோட்டை ஜாவா

லக் விசயம் சரிங்க, ஒத்துக்கிறேன். காதுக்கு இளஞ்சூடு, ராடு முனைக்குச் சிவப்பு, அப்படியே செய்யட்டும்.

நான் சொல்ல வேண்டிய எச்சரிக்கையும் இருக்கு. டார்ச் எடுக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துல கிளீனர் ஸ்ப்ரே எதுவும் அடிச்சிருக்கக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் சூட்டுல விஷ வாயுவா மாறும். மஞ்சளாப் பளபளக்கிற முலாம் பூசின பழைய போல்ட்டுல காட்மியம் இருக்கலாம், அந்தப் புகையும் ஆகாது. பின் ஷாக் அப்சார்பர் ரெண்டையும் கழட்டித் தூரமா வச்சிருங்க, மூடின குழாய்க்குள்ள எண்ணெய் இருந்தா வெடிக்கும். பெட்ரோல் டேங்க் கொட்டகையிலேயே இருக்கக் கூடாது. முற்றத்துல, வெட்டவெளியில செய்யுங்க.

கானாடுகாத்தான் புல்லட்

வளவுல வேணாம்னு ஆச்சி முன்னாடியே சொல்லிட்டாங்க, ஆத்தங்குடிக் கல்லு கறையாயிரும்னு. பின்னாடி கிணத்தடியில வச்சுத்தான் செய்யப்போறேன்.

கிராங்க்கேஸ் ஸ்டட்டுக்கும் இதே சூடுதானா?

அரிப்பியல்

இல்லை, அதற்கு வேறு கணக்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், எஃகு 12 பங்கு விரியும். 10 மி.மீ. துளையை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கேட்கச் சிறிதாக இருக்கும், பிடி விடுவதற்கு அது போதும். ஆகவே அலுமினியத்தோடு எஃகு சேர்ந்த இடத்தில் மொத்தமும் சூடானாலும் நமக்கு லாபம்தான். இரும்போடு இரும்பில் அந்த வசதி இல்லை.

எச்சரிக்கை ஒன்று. அலுமினியம் சிவக்காது. தூய அலுமினியம் 660 டிகிரியில் அப்படியே உருகி விழும், வார்ப்புக் கலவை அதற்கும் கீழேயே உருகும், அதற்கு முன் நிறத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. டார்ச் வேண்டாம், ஹாட் ஏர் கன் எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே சீறி ஆவியானால் போதும், அதற்குமேல் போக வேண்டாம். எண்ணெயை முழுதும் வடித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஃபோர்க் பைப் மேலே உட்கார்ந்திருக்கும் அலுமினிய வார்ப்புக்கும் இதுவே. அங்கே ஹாட் ஏர் கூடத் தேவையில்லை, ஹெட்லைட் ஒயரிங்கை எடுத்துவிட்டுக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாலே பல சமயம் போதும்.

பொன்னமராவதி பழைய வண்டி

ஃபோர்க் பைப்புக்கு ஒரு முறை உண்டு. கீழ் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அந்தப் பிளவில் ஒரு மெல்லிய உளியை நுழைத்து ஒரு மயிரிழை திறந்து வையுங்கள், அதிகம் விரித்தால் காது உடையும். பிறகு மேலே இருக்கும் பெரிய பிளக் போல்ட்டை முழுதாகக் கழட்டாமல் சில சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதன் தலையில் மரத்தை வைத்து, செங்குத்தாக ஒரே அடி. சரிவான இருக்கை என்பதால் ஒரு முறை விட்டால் மொத்தமாக விட்டுவிடும். பிளக்கை முழுதாகக் கழட்டிவிட்டுப் பைப் முனையில் நேராக அடித்தால் உள்மரை போய்விடும்.

ஆர்எக்ஸ் நூறு

மொத்த பிரேமையும் எலக்ட்ராலிசிஸ் தொட்டியில போட்டா எல்லாத் துருவும் ஒரே நேரத்துல போயிருமே, ராடும் தானா வராதா? வாஷிங் சோடா, பாட்டரி சார்ஜர் போட்டு செய்யறதை வீடியோல பார்த்தேன்.

அரிப்பியல்

நல்ல முறைதான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. மின்னோட்டம் எதிரே இருக்கும் இரும்புத் தகட்டைப் பார்த்த முகங்களில்தான் நன்றாக வேலை செய்யும். காதுக்கும் ராடுக்கும் நடுவே அடைந்து கிடக்கும் துருவை அது எட்டாது. ஸ்டாண்ட், பிராக்கெட், செயின் கவர் மாதிரிச் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்வதானால் சாமான் எதிர்முனையில் (மைனஸ்), பழைய இரும்புத் தகடு நேர்முனையில் (பிளஸ்). மாற்றிப் போட்டால் சாமான் கரையும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, குரோமியம் நச்சாகக் கரைந்து தண்ணீரில் வரும், அதைக் கிணற்றடியில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுமினியத்தைச் சோடா நீரில் போடாதீர்கள், அரித்துவிடும். சாமானிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஆகவே மூடிய அறை வேண்டாம். ஸ்பிரிங், உயர் வலுப் போல்ட் இவற்றுக்கு இந்த முறையே வேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போகும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் யாராவது சொல்லுவார்கள். பிரேம் பக்கமே கொண்டுபோகாதீர்கள். லக் இடுக்கில் புகுந்த ஆசிட்டைக் கழுவி எடுக்க முடியாது, பெயிண்ட் அடித்த பிறகும் உள்ளிருந்து தின்னும். அதன் ஆவியே கொட்டகையில் இருக்கும் மற்ற கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும். சின்னச் சாமானுக்குப் புளிக்கரைசல் போதும், வேலை மெதுவாக நடக்கும், ஆனால் இரும்பை அதிகம் தின்னாது. எடுத்ததும் சோடாத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

லேத் பட்டறை, காரைக்குடி

ராடுக்கு வர்றேன். ஒரு வாரம் எண்ணெய் குடிக்கட்டும். அப்புறம் ராடு முனையில பெரிய நட்டு ஒண்ணைப் போட்டு, முகத்தோட சேர்த்து நல்லா வெல்டு வச்சிருங்க. பிரேம்ல இருக்குற எலக்ட்ரிக் சாமான் எல்லாத்தையும் கழட்டிட்டு, எர்த் கிளாம்ப்பை ராடோட இன்னொரு முனையில போடணும். பிரேம்ல போட்டா கரண்டு காது வழியாப் போகும். வெல்டு சூடே பாதி வேலையைப் பார்த்துரும். ஆறினதும் நீளக்கைப்பிடி ஸ்பேனர் போட்டு இறுக்குற பக்கம் ஒரு துளி, கழட்டுற பக்கம் ஒரு துளி. ஒரே பக்கம் இழுத்தா முறுக்கி அறுந்துரும். கொஞ்சம் அசைஞ்சா போதும், எண்ணெய் ஊத்து, திரும்ப அசை.

சுத்த ஆரம்பிச்சதும் அடிக்காதீங்க, இழுங்க. புல்லர் செஞ்சுக்கலாம். ராடு உள்ள போற அளவு தடிச்ச குழாய்த் துண்டு ஒண்ணு, காது முகத்துல உட்கார்ற மாதிரி முனை சமமா வெட்டினது. அதுக்கு மேல தடி வாஷர். ராடு முனையில ஒரு நீள கப்ளிங் நட்டு வெல்டு, அதுல ஹை டென்சைல் த்ரெட் ராடு, மேல நட்டு. நட்டை இறுக்க இறுக்க ராடு குழாய்க்குள்ள ஏறி வரும். பலம் முழுக்கக் காதுலயே தாங்கும், பிரேம் வளையாது. ஹைட்ராலிக் பிரஸ்ல வச்சு அமுக்கலாம்னு கேப்பாங்க. அதுல காதுக்கு நேர் அடியில முட்டு குடுக்காம அமுக்கினா ரெண்டு காதும் உள்ளுக்கு மடிஞ்சுரும்.

அடிச்சே ஆகணும்னு வந்தா, ரெண்டு கிலோ சுத்தியல்ல ஒரு அடி. சின்னச் சுத்தியல்ல நூறு அடி அடிச்சா முனைதான் மழுங்கும், உள்ள ஒண்ணும் நகராது. நடுவுல பித்தளைத் துண்டு வைங்க, எதிர்க் காதுக்குப் பின்னாடி கனமான இரும்பைப் புடிக்கச் சொல்லுங்க.

எதுவும் ஆகலைன்னா பிரேமை எங்கிட்ட கொண்டு வாங்க. ரேடியல் டிரில்லுல ராடு நடுவுல துளை போட்டுப் படிப்படியாப் பெருசாக்கி, ஓடு மாதிரி மெல்லிசா விட்டுட்டு, உளியால உள்ளுக்கு மடக்கி எடுத்துரலாம். காதுல ஒரு கீறல் விழாது.

கானாடுகாத்தான் புல்லட்

வேலை முடிஞ்சுது, விவரம் சொல்றேன்.

சென்டர் ஸ்டாண்டை மண்ணெண்ணெயில ஊறப் போட்டுட்டு, மரக்குச்சியால இடுக்கெல்லாம் சுரண்டினேன். உள்ள இருந்து செம்மண்ணும் கிரீஸும் கட்டி கட்டியா வந்துச்சு. அதுக்கப்புறம் கையாலயே கழண்டுச்சு.

ஃபோர்க் பைப்ல வலது பக்கம் பிளக் மேல அடிச்ச அடியில டக்குன்னு இறங்குச்சு. இடது பக்கத்துக்குக் கொதிக்கிற தண்ணி தேவைப்பட்டுச்சு. அலுமினிய வார்ப்பு முழுசா இருக்கு.

ராடுக்கு லேத் அண்ணன் சொன்ன மாதிரியே நட்டு வெல்டு வச்சோம். முதல்ல அசைவே இல்லை. ராடு முனைக்கு மட்டும் சூடு குடுத்து, காதுக்கு ஈரத்துணி சுத்தி, ஆறவிட்டுத் திரும்பச் செஞ்சப்போ லேசா 'கிறீச்'னு ஒரு சத்தம். அங்கிருந்து இஞ்சு இஞ்சா சுத்த விட்டு, எண்ணெய் ஊத்தி, புல்லர் போட்டு இழுத்தோம். காது ரெண்டும் அப்படியே இருக்கு. ராடு நடுப்பகுதி முழுக்கக் கறுப்புத் துரு, கிரீஸ் போன தடமே இல்லை.

ஸ்டட்தான் முழுசா வரலை. ஹாட் ஏர் வச்சு ஒரு பக்கம் சுத்த ஆரம்பிச்சது, பாதியில முறுக்கி அறுந்துருச்சு. அறுந்த துண்டு கிராங்க்கேஸ் துளைக்குள்ள இருக்கு. என்ஜினைப் பிரேம்ல இருந்து இறக்கியாச்சு. இப்ப ஈஸி அவுட் (அறுந்த துண்டுல துளை போட்டு, அதுல இறக்கி எதிர்ப்பக்கமாச் சுத்தி எடுக்குற கருவி) போட்டு எடுக்கலாமா?

லேத் பட்டறை, காரைக்குடி

ஈஸி அவுட் போடாதீங்க தம்பி. சுத்தி எடுக்க முடியாம அறுந்த ஸ்டட்டு, அதைவிட மெல்லிசான ஈஸி அவுட்டுக்கா வரும்? அது உள்ள உடைஞ்சா ரொம்பக் கடினமான எஃகு, டிரில் இறங்காது, கிராங்க்கேஸே போயிரும். துண்டு நீட்டிக்கிட்டு இருக்கா, துளைக்குள்ள மூழ்கியிருக்கா?

கானாடுகாத்தான் புல்லட்

மூழ்கித்தான் இருக்கு அண்ணே. ஆனா அந்தத் துளை ரெண்டு பக்கமும் திறந்தது, மறுபக்கம் ஸ்டட்டோட இன்னொரு முனை தெரியுது.

லேத் பட்டறை, காரைக்குடி

அப்ப கவலையே இல்லை. கிராங்க்கேஸை நிறுத்தி வச்சு, மேல இருந்து எண்ணெய் தேங்க விடுங்க. ரெண்டு நாள் கழிச்சு இங்க கொண்டு வாங்க, சூடு குடுத்து, துளையைவிட ஒரு நூல் குறைஞ்ச ராடு வச்சு பிரஸ்ல மெதுவா அமுக்கி எடுத்துருவோம். துளையைச் சுத்தி அடியில வளையம் வச்சு முட்டு குடுத்தா அலுமினியம் உடையாது. வராட்டி நடுவுல துளை போட்டு எடுப்போம்.

பழைய ராடையும் ஸ்லீவையும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துக் கொண்டு வாங்க. புஷ் தேய்மானம் அளந்து பார்த்து, தேவைன்னா புதுசு அமுக்கி, ரீமர் விட்டு (துளையை அளவாச் சீவி) தர்றேன். காது துளை நீள்வட்டமா ஆயிருக்கான்னும் பார்க்கணும்.

பள்ளத்தூர் ராஜ்தூத்

புது ராடு கடையறப்போ கிரீஸ் வழி அடையாம இருக்கான்னு கேட்டுப் பார்த்துக்கங்க. உங்க ராடுல கிரீஸ் போன தடமே இல்லைன்னீங்க, வழி அடைஞ்சிருக்கலாம். மாட்டும்போது ராடு முழுக்கக் கிரீஸ் தடவுங்க. கிராங்க்கேஸ்ல அலுமினியத்துக்குள்ள போற ஸ்டட்டுக்கெல்லாம் காப்பர் கிரீஸ் இல்லாட்டி ஆன்டி சீஸ் பேஸ்ட் போடாம மாட்டாதீங்க.

கானாடுகாத்தான் புல்லட்

சரிங்க. லேத் அண்ணே, பட்டறை எப்பத் திறந்திருக்கும்? வண்டியில எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வந்துர்றேன்.

லேத் பட்டறை, காரைக்குடி

ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் காலையில ஒன்பது மணிக்கு மேல. ஃபோர்க் பைப்பையும் தூக்கிட்டு வாங்க, நேரா இருக்கான்னு வி-பிளாக்ல (V வடிவ இரும்புக் கட்டையில) உருட்டிப் பார்த்துறலாம்.